லூசி ரீயின் பொத்தான்கள்

மண்ணைத் தொட்டால் உங்களையே கண்டுபிடித்துவிடலாம் என்கிற மாதிரி மண்பாண்ட வகுப்பு விளம்பரங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சக்கரத்தின் முன் உட்காருகிறவன்தான் நானும். அங்கே மண் நடுவில் நிற்கிறதா, சுவர் சரிகிறதா என்பதுதான் கவலை. 'நான் யார்' என்று யோசிக்க நேரமே கிடைப்பதில்லை. அதுதான் அதில் இருக்கிற சுகம் என்றுகூடச் சொல்வேன்.

தன்னைத் தேடி யாரும் தன்னைக் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. மண்பாண்டக் கலைஞர் லூசி ரீயைப் பாருங்கள். 1902இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1937 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கியவர். அடுத்த ஆண்டே நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தபோது அவரை அங்கே அறிந்தவர்கள் மிகக் குறைவு. அப்போது பிரிட்டிஷ் மண்பாண்டக் கலையில் பெர்னார்ட் லீச் வைத்ததுதான் சட்டம். கனமான, நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாண்டங்களே அவருக்குப் பிடிக்கும். ரீயின் மெல்லிய கிண்ணங்கள் பிடிக்கவில்லை. ரீயும் அவர் சொன்னபடி கனமாகச் செய்து பார்த்தார். கைக்கு ஒட்டவில்லை.

போர்க்காலத்தில் சோறு போட்டது மண்ணில் செய்த பொத்தான். ஆடை நிறுவனங்கள் துணியை அனுப்பும், அந்த நிறத்துக்குப் பொருந்த இவர் கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் மேல்பூச்சு, கலக்க வேண்டும். பின்னாளில் அவருடைய கிண்ணங்களில் நாம் வியக்கும் அந்த நிறங்களுக்கு இந்தக் கூலி வேலைதான் பள்ளிக்கூடம் என்பது என் எண்ணம். 1989இல் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே தன் ஆடைகளில் அந்தப் பழைய பொத்தான்களையே தைத்தார் என்பது தனிக் கதை.

1946இல் ஹான்ஸ் கோப்பர் வேலை கேட்டு வந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த அகதி, மண்பாண்ட வேலை எதுவும் தெரியாது. அவர்தான் ரீயிடம், லீச்சை விடுங்கள், உங்கள் வழியில் செய்யுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். இருவரும் சேர்ந்து செய்த கோப்பை, தட்டுகளின் அடியில் இருவர் முத்திரையும் இருக்கும். எது யாருடைய கை என்று பிரிக்கவில்லை. 'தனித்துவம்' என்று பேசுகிறவர்கள் அந்த அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம்.

மானாமதுரையில் கடம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவரிடம் போய், மண்ணில் உங்களைக் கண்டுபிடித்தீர்களா என்று யாராவது கேட்பார்களா? நாதம் சரியாக வருகிறதா என்றுதான் கேட்பார்கள். அது நல்ல கேள்வி. காசு கட்டி ஞாயிறு மட்டும் போகும் நமக்கும் அப்படிக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

எனக்கு அக்கா இருக்கிறார். தயிருக்கு மூடி போட்ட கிண்ணம் வேண்டுமாம், மூடி ஆடக் கூடாதாம். கேட்க லேசாக இருக்கும். காயும்போதும் சூளையில் வேகும்போதும் மண் சுருங்கும். கிண்ணமும் மூடியும் ஒரே அளவுக்குச் சுருங்கினால்தான் பொருந்தும். இந்த ஞாயிறு அதற்கே போய்விடும்.