எண்பது அடி ஆழத்தில் தெரிந்த ஓக் மரக் கிளை

இறைநம்பிக்கை, குடும்பம், இயற்கை மூன்றையும் அட்டையில் போட்டு, ‘உத்வேகமூட்டும் நினைவுகள்’ என்று விற்கப்படும் தன்வரலாறுகளைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அவற்றில் அப்பா குன்றுபோல் நிற்பார், அம்மா ஜெபித்துக்கொண்டிருப்பார், ஏரிக்குப் பின்னால் சூரியன் இறங்கும். யாருக்கும் யார்மீதும் ஒரு சொட்டுக் கோபம் இருக்காது.

ஜான் மியூர் எழுபதைக் கடந்த பிறகு, 1913இல் வெளியிட்ட இளமைக்கால நினைவுகளை இந்த வாரம் இரண்டாம் முறையாகப் படித்தேன். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் காக்க வாதாடியவர், 1892இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்றுதான் அவரைப் பலரும் அறிவோம். புத்தகத்தில் அதெல்லாம் இல்லை. ஸ்காட்லாந்தின் டன்பாரில் பிறந்து, 1849இல் விஸ்கான்சின் காட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு சிறுவனும் அவன் அப்பாவும்தான் இருக்கிறார்கள்.

அப்பா டேனியல் மியூர் பக்திமான். மகனை அடிப்பதிலும் அதே தீவிரம். பதினோரு வயதுக்குள் புதிய ஏற்பாடு முழுவதும், பழைய ஏற்பாட்டில் முக்கால்வாசியும் மகனுக்கு மனப்பாடம். பாதி மூளையிலும் பாதி முதுகிலும் ஏறியது என்று சொல்லலாம். நிலத்தைத் திருத்தும்போது வெட்டிய சுள்ளிகளைக் கொளுத்துவார்கள். அந்த நெருப்பைக் காட்டி, நரகம் இதைவிட எத்தனை மடங்கு சுடும் என்று அப்பா பிரசங்கம் செய்வார். காட்டுக் காற்று பட்டதும் அந்தப் பயம் கலைந்துவிடும் என்று எழுதுகிறார் மகன். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்த இடம் அது.

சிரிப்பு வராத இடமும் உண்டு. செவ்விந்தியர்களின் நிலத்தை இப்படிப் பறிப்பது நியாயமா என்று பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்கிறார். வேட்டையாடித் திரிபவர்களுக்காகவா கடவுள் இவ்வளவு வளமான மண்ணை வைத்திருப்பார், உழுகிறவனுக்கல்லவா அது என்கிறார் அப்பா. தன் வசதிக்குக் கடவுளைச் சாட்சிக்கு அழைப்பது எவ்வளவு எளிது! மகன் அந்த உரையாடலை மறைக்கவில்லை. அம்மாவைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு சிக்கனமாக எழுதினார் என்ற குறை எனக்கு உண்டு.

இந்தப் புத்தகத்தை நான் நம்புவது ஒரு கிணற்றால். இரண்டாவது பண்ணையான ஹிக்கரி ஹில்லில் தண்ணீர் இல்லை. அடியில் மணற்பாறை. வெடி வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. சுத்தியலும் உளியும் கொடுத்து ஜானை இறக்கினார் அப்பா. மூன்றடி அகலக் குழி. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, மாதக்கணக்கில், குந்தியபடியே கொத்தினான்.

எண்பது அடி ஆழத்தில் ஒருநாள் காலை, இரவெல்லாம் அடியில் தேங்கியிருந்த கரியமில வாயு மூச்சை அடைத்தது. சுவரில் சாய்ந்து நினைவு தப்பும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தவனுக்கு, குழியின் வாய்க்கு மேலே நீண்டிருந்த ஓக் மரக் கிளை தெரிந்தது. அதுதான் அவனை உலுக்கியது. ‘என்னை வெளியே எடுங்கள்’ என்று ஈனக்குரல் கொடுத்தான். மேலிருந்து அப்பா பதறி, வாளிக்குள் ஏறிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கத்தினார். எப்படி ஏறினான் என்பது அவனுக்கே நினைவில்லை.

ஓரிரு நாள் ஓய்வு. தண்ணீரை ஊற்றியும், வைக்கோல் கட்டைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்தும் கெட்ட காற்றைக் கலைக்கலாம் என்று பக்கத்துக் கல்தச்சர் சொல்லிக்கொடுத்தார். மறுபடி இறக்கினார்கள். இன்னும் பத்தடி, தண்ணீர் வந்தது.

‘அப்பாவை மன்னித்தேன்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் புத்தகத்தை மூடியிருப்பேன். அப்படி எதுவும் இல்லை. 1885இல் அப்பாவின் மரணப்படுக்கைக்குக் கலிபோர்னியாவிலிருந்து ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தார் என்பதுகூட நாம் வேறு இடங்களில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இங்கே அவர் சொல்வது இவ்வளவே: அந்தக் கிணற்றுக்குள் அப்பா ஒரு மணி நேரம்கூட வேலை செய்ததில்லை. நான் அதைக் கோணாமல் நேராக இறக்கினேன். மேலே கூரை போட்டு, இரும்புப் பட்டை போட்ட இரண்டு வாளிகளைத் தொங்கவிட்டேன். வெகுகாலம் நாங்கள் எல்லோரும் அதில்தான் தண்ணீர் குடித்தோம்.

அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்குள் அப்பாவும் இருக்கிறார்.