மண் வீடும் வாரக்கடைசித் தோட்டமும்

இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே மண் வீடாக வருகிறது. சுண்ணாம்பு பூசிய வளைந்த சுவர், காரைக்குடித் தூண், ஆத்தங்குடித் தரை, நடுவில் முற்றம், முற்றத்தில் தாமரைத் தொட்டி, பின்னணியில் புல்லாங்குழல். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த வீடு எந்த நிலத்தில் நிற்கிறது, வாரத்தில் எத்தனை நாள் இதில் ஆள் இருக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வீடியோவிலும் சொல்வதில்லை.

எங்கள் கோவைப் பக்கம் மலையடிவாரத்தில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய வந்துவிட்டன. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். ஒன்றரை ஏக்கர் தோட்டம். அழுத்தி வார்த்த மண் கல்லில் கட்டிய சுவர். கல்லில் சிமெண்ட் ஐந்து சதவீதம்தான் என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார், உண்மைதான். போர்வெல் ஆயிரம் அடி. சுற்றிலும் சோலார் மின்வேலி. புல்தரைக்கு ஸ்பிரிங்ளர். சனிக்கிழமை காலை நகரத்திலிருந்து இரண்டு கார் வரும், ஞாயிறு மாலை திரும்பிவிடும். மற்ற நாட்களில் அங்கே இருப்பது தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பம். அவர்கள் குடியிருப்பது கேட்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில். அந்த அறையை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

இதைச் 'சூழலுக்கு உகந்த வீடு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவர் மண்ணா சிமெண்டா என்பது இரண்டாவது கேள்வி. அந்த வீடு அந்த இடத்தில் இருக்க வேண்டுமா, யாருக்காக இருக்கிறது, நிலத்திடமிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்க வேண்டியது கட்டட அனுமதி கொடுப்பவர்கள். நம் ஊரில் அவர்கள் கேட்பதில்லை.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. 'கிராமத்து ஜனங்களுக்குத்தான் கான்கிரீட் பைத்தியம், அருமையான ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள்' என்று நகரத்து நண்பர்கள் அங்கலாய்ப்பார்கள். கூரை வீட்டில் இருந்தவர்களிடம் ஒரு முறை பேசிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 2004-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் போனது கீற்றுக் கூரையில் பற்றிய தீயால். கூரை எரியும் என்பது நம் மக்களுக்குப் பழங்கதை இல்லை. எங்கள் ஊர்க் காலனியில் தொகுப்பு வீடு வாங்கிய ஓர் அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தார்சு வீடுன்னா மழைக்கு ஒழுகாது, தீப்புடிக்காது, பொண்ணு கேட்டு வர்றவங்க வாசல்லயே நிக்க மாட்டாங்க. வெயில் காலத்துலதான் கண்ணு உள்ள படுக்க முடியல."

சித்திரையில் அவர் வீட்டுக்குப் போனால் தெரியும். சாயங்காலம் ஏணி வைத்து ஏறித் தளத்தின் மேல் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவார். சொய்ங் என்று ஆவி கிளம்பும். இரவு பதினொரு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். கட்டிலை வேப்ப மரத்தடிக்கு இழுத்துப்போட்டுப் படுப்பார்கள். வயசுக்கு வந்த பெண் பிள்ளை மட்டும் உள்ளே, டேபிள் ஃபேனோடு.

அவர் கேட்டது ஒழுகாத, எரியாத, மரியாதையான வீடு. கிடைத்ததோ நாலு அங்குல கான்கிரீட் பலகை. இந்த இரண்டும் ஒன்றுதான் என்று நம் வீட்டு வசதித் திட்டங்கள் முடிவு செய்துவிட்டன. 2011-இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், கான்கிரீட் தளம், மேலே சோலார் தகடு, உள்ளே ஐந்து சிஎஃப்எல் விளக்கு. விளக்கு எரிக்கச் சூரியனைப் பிடித்தார்கள், சரி. அதே சூரியன் பகல் முழுக்கத் தளத்தைக் காய்ச்சுமே, அதற்கு வரைபடத்தில் பதில் இல்லை. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் எட்டு லட்சம் வீடு இலக்கு. வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். ஆட்சி மாறினாலும் தளம் மாறவில்லை.

கான்கிரீட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறைத்துப் போடலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைக் கேரளத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார். 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-இல் அங்கேயே இறந்த மனிதர். ஒரு லட்சிய வீடு என்றால் அதற்கான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டவர். அவர் பரவலாக்கிய ஃபில்லர் ஸ்லாபின் சூட்சுமம் எளிது. தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை. அதனால் கம்பிச் சதுரங்களுக்கு நடுவில் இரண்டு பழைய சீமை ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே கான்கிரீட் போடுவார்கள். சிமெண்ட் மிச்சம், எடை குறைவு. இரண்டு ஓட்டுக்கும் இடையில் சிக்கும் காற்று சூட்டையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஒழுகாது, எரியாது. சொல்லப்போனால் இதுவும் கம்பி போட்ட கான்கிரீட் தளம்தான். ஆனாலும் எங்கள் ஒன்றியத்தில் நான் பார்த்த திட்ட வீடுகளில் ஒன்றில்கூட இது இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த அக்காவின் பழைய வீட்டிலிருந்து இறக்கிய சீமை ஓடுகளை ஒரு வியாபாரி வந்து அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார். இப்போது அப்படிப்பட்ட ஓடுகளுக்குத்தான் மலையடிவாரத்து வாரக்கடைசி வீடுகளில் கிராக்கி.

செங்கல் கதையும் இதேதான். கோவை சேம்பர் செங்கல் என்றால் தடாகம் பள்ளத்தாக்குதான். சின்னத்தடாகம், வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், சோமையம்பாளையம், பன்னிமடை என்று ஐந்து ஊராட்சிகளில் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, ஓடைகளின் போக்கையே மாற்றிவிட்டார்கள். யானைகள் வந்துபோகும் இடம் அது. உரிமம் இல்லாமல் ஓடிய 170-க்கும் மேற்பட்ட சூளைகளை 2021-இல் மூடினார்கள். மூடியது நல்லது. ஆனால் கல்லின் தேவை ஒரு கல்கூடக் குறையவில்லை. இங்கே தோண்டாவிட்டால் வேறு எங்கோ தோண்டுகிறார்கள், அவ்வளவுதான்.

தேவையைக் குறைக்க வழி இருக்கிறது. கல்லைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து, நடுவில் பொந்து விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையில் ஏறக்குறைய கால்வாசிக் கல் மிச்சமாகும். இதுவும் பேக்கர் பிரபலமாக்கியதுதான். எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமை இப்படிக் கட்டச் சொன்னபோது கொத்தனார் முகத்தைச் சுளித்தார். "உள்ள பொந்தா இருந்தா பாம்பு பூந்துக்குமுங்க" என்றார். மேல் வரியையும் மூலைகளையும் கெட்டியாக அடைத்துக் கட்டினால் பூராது என்று விளக்கி ஒரு சுவரை எழுப்ப வைத்தேன். முடித்ததும் மிச்சக் கல்லை அவரே எண்ணிப் பார்த்துவிட்டு, "கல்லு நெறைய மிஞ்சுதுங்க. ஆனா இதுல எனக்குக் கூலி கட்டாதுங்க" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காண்ட்ராக்ட் சதுர அடிக் கணக்கில். இந்தக் கட்டுக்கு நேரம் அதிகம், மிச்சமாகும் கல்லின் லாபம் அவருக்கு வராது. விழிப்புணர்வு முகாம் நடத்தி இதை மாற்ற முடியாது, கூலிக் கணக்கை மாற்ற வேண்டும். அரசுத் திட்டத்தின் எஸ்டிமேட்டில் இந்தக் கட்டுக்குத் தனி ரேட் போட்டால் ஒரே வருடத்தில் ஊர் ஊருக்குக் கொத்தனார்கள் கற்றுக்கொள்வார்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியபோது யார் யாருக்கு அது தெரிந்திருந்தது? விதி வந்தது, பிளம்பர்கள் கற்றுக்கொண்டார்கள். (பாதி வீடுகளில் அந்தக் குழாய் இன்று எங்கும் போய்ச் சேர்வதில்லை என்பது வேறு கதை.)

இனி இடம். கொங்கு நாட்டில் தோட்டத்துக்குள்ளேயே சாளை கட்டிக் குடியிருப்பது பழைய வழக்கம். வீட்டைச் சுற்றிக் காடு, கிணறு, மாட்டுக் கொட்டகை, களம். காட்டில் உழைப்பவன் காட்டிலேயே இருந்தான். தஞ்சைப் பக்கம்போல நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், நெருங்கி இருந்துகொண்டு வயலுக்கு நடக்கும் ஊர் அமைப்பு வேறு. இரண்டிலும் வீட்டுக்கும் நிலத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. இன்று வரும் தோட்ட மனைகளில் அந்தக் கணக்கு இல்லை. தென்னந்தோப்பைச் சென்ட் சென்ட்டாக வெட்டி, வெள்ளையடித்த கல் நட்டு, வாசலில் ஆர்ச் கட்டி விற்கிறார்கள். நாலு மரம் காய்க்கிற இடத்தில் ஒரு நீச்சல் குளம்.

சட்டம் தூங்கிவிடவில்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த வரன்முறை விதிகள் வந்தன. 2019-இல் கட்டட விதிகள் ஒரே தொகுப்பாயின. 2024-இல் 2,500 சதுர அடி வரையிலான மனைக்குச் சுயசான்றில் ஆன்லைன் அனுமதியும் வந்தது. ஏழை, நடுத்தர மக்களுக்கு இது பெரிய நிம்மதி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விதிகள் பெரும்பாலும் கேட்பது சாலை அகலம், பக்க இடைவெளி, உயரம். வீடு பக்கத்துக் கிணற்றை என்ன செய்யும் என்று கேட்பதில்லை. மேட்டில் கட்டும் மதில் பள்ளத்தில் இருப்பவரை என்ன செய்யும் என்றும் கேட்பதில்லை. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் கீழே இருந்த வீடுகள்மேல் சரிந்து 17 பேர் தூக்கத்திலேயே போனார்கள். அந்தச் சுவர் மண்ணா கல்லா என்பதா அங்கே பிரச்சினை?

இந்த முதல் கேள்வியைக் கேட்கும் அரசு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் ஊருக்கு வெளியே திறந்த நிலத்தில் புது வீடு கட்ட அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் வேல்ஸ் அரசு 2010-இல் 'ஒன் பிளானட் டெவலப்மெண்ட்' என்று ஒரு விதிவிலக்கு கொண்டுவந்தது. நீ விவசாய நிலத்தில் வீடு கட்டிக்கொள். ஆனால் ஐந்து வருடத்துக்குள் உன் குடும்பத்தின் அடிப்படை உணவுத் தேவையில் 65 சதவீதமாவது அந்த நிலத்திலிருந்தே வர வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். முடியவில்லையென்றால் வீட்டைப் பிரித்துவிட்டு நிலத்தைப் பழையபடி விட்டுவிட வேண்டும். இதற்கு முன்னோடியாக, வேல்ஸிலேயே பெம்ப்ரோக்‌ஷயரில் லாமாஸ் என்ற குழுவின் ஒன்பது குடும்பங்கள் உள்ளூர் விதி ஒன்றின்கீழ் வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 2009-இல் மேல்முறையீட்டில் அனுமதி வாங்கியிருந்தன.

நம்ம ஊரில் தோட்ட மனை வாங்குபவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 65 வேண்டாம், பத்து சதவீதம் போதும். எத்தனை பேர் நிற்பார்கள்?

அதற்காக வேல்ஸ் விதியை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கேயே அது சில பத்துக் குடும்பங்களைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. நூறு பக்கத்துக்கு மேலாண்மைத் திட்டம் எழுதத் தெரிந்த படித்தவர்களுக்குத்தான் அது கைகூடுகிறது என்ற விமர்சனம் நியாயமானது. இங்கே வந்தால் அதை எழுதிக் கொடுக்க ஒரு கன்சல்டன்ட் கிளம்புவார், ரேட் போட்டு. மேலும், நிலமே இல்லாதவரிடம் 'உன் நிலம் உனக்குச் சோறு போடுகிறதா' என்று கேட்பது கொடுமை. அவருக்கு வேண்டியது நத்தத்தில் ஒரு பட்டாவும் சுடாத ஒரு வீடும். நிபந்தனை இருக்க வேண்டியது இரண்டாவது வீட்டுக்கு. ஏற்கெனவே ஒரு வீடு வைத்திருப்பவர் விவசாய நிலத்தில் இன்னொன்று கட்டினால் போர் ஆழத்துக்கும் கட்டடப் பரப்புக்கும் உச்சவரம்பு வையுங்கள். நிலத்தில் சாகுபடி நடக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதுவது எப்படியும் அவர் வேலைதானே. காவலாள் குடும்பம் தங்கும் அறையையும் அதே வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள், அதே தரத்தில்.

திட்ட வீடுகளுக்கு இவ்வளவுகூட வேண்டாம். எட்டு லட்சம் வீடுகளில் இன்னும் கட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. அந்த 300 சதுர அடித் தளத்தை ஃபில்லர் ஸ்லாபாகப் போட விரும்புபவருக்கு ஒரு மாதிரி வரைபடம், பொறியாளர் அளவெடுத்து எழுத ஒரு ரேட், பழைய ஓட்டை வியாபாரிக்குப் போடாமல் தன் தளத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்று பயனாளியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை. அடுத்த கிராம சபையில் எங்கள் ஊராட்சியில் இதைத் தீர்மானமாகக் கேட்கப்போகிறேன். உங்கள் ஊரில் திட்ட வீட்டுக்கு இப்படி யாராவது போட்டிருந்தால், என்ன செலவானது, பில் பாஸ் ஆனதா என்று கமெண்டில் சொல்லுங்கள். எங்கள் ஒன்றியப் பொறியாளரிடம் காட்ட எனக்கு ஓர் உதாரணம் வேண்டும்.