வெளிநாட்டில் வசிக்கும் கனடியர் துணைவரை ஸ்பான்சர் செய்ய முடியாதா?

“கனடாவுக்குத் திரும்பி ஆறு மாதம் வேலை செய்த பிறகே மனைவியையோ கணவரையோ ஸ்பான்சர் செய்யலாம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. கனடியக் குடியுரிமை உள்ளவர், துணைவருடன் துபாயிலோ சென்னையிலோ வசித்தபடியே அவரைக் கனடாவுக்கு நிரந்தரமாக அழைத்துக்கொள்ள (அதாவது ஸ்பான்சர் செய்ய) விண்ணப்பிக்கலாம். ஆனால் துணைவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்ததும் இருவரும் கனடாவில் குடியேறுவர் என்பதை வேலைவாய்ப்புக் கடிதம், வீட்டு ஏற்பாடு, தற்போதைய வேலையிலிருந்து விலகும் கடிதம் போன்றவற்றால் காட்ட வேண்டும். ஸ்பான்சர் செய்பவர் குடியுரிமை பெறாத நிரந்தர வதிவாளராக இருந்தால் இந்தச் சலுகை இல்லை. அவர் கனடாவிலேயே வசிக்க வேண்டும் (குழப்பம் இங்கிருந்துதான் பிறந்திருக்கக்கூடும்). குறைந்தபட்ச வருமான வரம்பும் பெரும்பாலான துணைவர் விண்ணப்பங்களுக்குப் பொருந்தாது. கனடியக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் 5289 என்ற எண்ணுள்ள வழிகாட்டியில் இவற்றைச் சரிபார்க்கலாம். அச்செய்தியைத் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள்.