சூப்பர் கோப்பையைச் சொந்த மைதானங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்

2015 ஆகஸ்ட் 14. பில்பாவோ நகரின் சான் மாமேஸ் மைதானம். ஆட்டம் தொடங்கி 13 நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. நீளமாக வந்த பந்தைத் தடுக்க பார்சிலோனாவின் கோல்கீப்பர் டெர் ஸ்டேகன் முன்னால் ஓடிவந்து தலையால் முட்டி அனுப்பினார். பந்து மைதானத்தின் நடுப்பக்கம் நின்ற பில்பாவோ வீரர் மிக்கெல் சான் ஹோசேயிடம் போனது. அவர் அதை நிறுத்தக்கூட இல்லை. வந்த வேகத்திலேயே ஓர் உதை. எல்லோர் தலைக்கும் மேலே வளைந்து சென்று, காவலற்றுக் கிடந்த வலைக்குள் விழுந்தது. நள்ளிரவு தாண்டிய நேரம், வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்பதையும் மறந்து கத்திவிட்டேன்.

ஸ்பெயின் கால்பந்தின் சூப்பர் கோப்பை என்றால் எனக்கு அந்த இரவுதான். லீக் சாம்பியனும், கோப்பா டெல் ரே எனும் மன்னர் கோப்பையை வென்ற அணியும் ஆளுக்கு ஓர் ஆட்டம் சொந்த ஊரில் ஆடுவார்கள். அந்த ஆண்டு இரண்டையும் பார்சிலோனாவே வென்றிருந்ததால், மன்னர் கோப்பை இறுதியில் தோற்ற அத்லெடிக் பில்பாவோவுக்கு இடம் கிடைத்தது. ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ள வீரர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் அணி அது. 34 வயது அரிட்ஸ் அடுரிஸ் இரண்டாம் பாதியில் 15 நிமிடங்களுக்குள் மூன்று கோல் போட்டார். 4-0. மூன்று நாள் கழித்து பார்சிலோனாவில் 1-1. பில்பாவோவுக்கு 31 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பட்டம்!

1982இல் இந்தப் போட்டி தொடங்கியபோதே இப்படித்தான். மாட்ரிட்டில் 0-1 என்று தோற்ற ரியல் சோசியடாட், சொந்த ஊருக்கு வந்து ரியல் மாட்ரிட்டை 4-0 என்று வீழ்த்தியது. பெரிய அணி சின்ன ஊரின் வாசலுக்கு வந்தே தீர வேண்டும் என்பதுதான் இந்தக் கோப்பையின் அழகு.

2020 ஜனவரியில் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். சாம்பியன்களோடு அடுத்த இடங்களில் வந்தவர்களையும் சேர்த்து நான்கு அணிகள், சவூதி அரேபியாவில். முதல் ஆண்டே என்ன நடந்தது பாருங்கள். இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டும் அத்லெட்டிகோ மாட்ரிட்டும். இரண்டில் ஒன்றுகூட முந்தைய பருவத்தின் லீக் சாம்பியன் இல்லை, மன்னர் கோப்பை வென்றதும் இல்லை. கூடுதல் நேரத்தில் கோலை நோக்கித் தனியாக ஓடிய அத்லெட்டிகோவின் மொராட்டாவைப் பின்னாலிருந்து காலால் வீழ்த்தி ரியலின் வால்வெர்டே சிவப்பு அட்டை வாங்கினார். பிறகு பெனால்டியில் ரியல் வென்றது. லீக்கில் மூன்றாம் இடம் பிடித்த அணியின் கையில் சாம்பியன்களுக்கான கோப்பை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆண்டுக்குச் சுமார் 4 கோடி யூரோ வருகிறது என்கிறார்கள். அந்தப் பணம் கீழ்நிலைக் கால்பந்துக்குப் போகிறது என்பது ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பின் வாதம். போகட்டும், நல்லதுதான். ஜித்தாவில் டிக்கெட் வாங்கி வந்து பார்க்கும் ரசிகர்கள் மீதும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களுக்கும் ஆசை இருக்காதா? ஆனால் விற்கப்பட்டது வேறு ஒருவருடைய பொருள். மழையிலும் குளிரிலும் தன் அணியோடு நின்றவனின் ஆட்டம் அது. அவனைக் கேட்காமல் விற்றுவிட்டார்கள்.

2024 ஏப்ரலில் அத்லெடிக் பில்பாவோ 40 ஆண்டுகளுக்குப் பிறகு மன்னர் கோப்பையை வென்றது. 1984க்குப் பிறகு முதல் முறையாக, கபார்ரா என்ற அந்தப் பழைய படகில் வீரர்களை ஏற்றி ஆற்றில் ஊர்வலம் விட்டார்கள். கரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையும். 2015 சூப்பர் கோப்பைக்குக்கூட அவர்கள் அந்தப் படகை இறக்கவில்லை. அவ்வளவு பெரிய வெற்றி இது.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? 2025 ஜனவரியில், ஊரிலிருந்து 4,500 கிலோமீட்டர் தள்ளி ஜித்தாவில் ஓர் அரையிறுதி. எதிரே லீக்கில் இரண்டாம் இடம் பிடித்த பார்சிலோனா. 0-2 என்று தோற்று ஊர் திரும்பினார்கள். லீக் சாம்பியன் ரியல் மாட்ரிட்டை அவர்கள் சந்திக்கவே இல்லை. பழைய முறை இருந்திருந்தால், அந்த ரியல் மாட்ரிட் 2024 ஆகஸ்டிலேயே சான் மாமேஸுக்கு வந்து ஆடியிருக்க வேண்டும்.