முதலில் மீன், கடைசியில் சோறு
எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு வருடம் போனால் பழையபடி சாப்பிடலாம் என்கிறது ஒரு கட்டுரை. அரைகுறைத் தகவல். இரைப்பையின் கொள்ளளவு கொஞ்சம் கூடும்தான். ஆனாலும் ஒரு நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு கப் போதும். முதலில் குளத்து மீனோ முட்டையோ (ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது சேரவேண்டும்), பிறகு மரக்கறி, கடைசியில் இரண்டு மூன்று கரண்டி சோறு. புட்டு நெஞ்சில் அடைக்கிறதென்று சொதியை ஊற்றிக் குழைத்து விழுங்குவதுதான் வன்னிப் பக்கம் நடக்கிற பிழை. அது வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், சீக்கிரமே திரும்பப் பசிக்கும். தண்ணீர் அரை மணித்தியாலம் கழித்து. இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கிற எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை) செய்தவர்களுக்குப் பனங்கட்டியும் சீனிதான்: வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம் எல்லாம் வரலாம். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்துக் குளிசைக்கும் கல்சியம் குளிசைக்கும் நடுவே இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள்.