அந்த வண்ணம் ஊசி போட்ட வண்ணம்

கல்லீரலைத் தாக்கும், ரத்தம் வழியே பரவும் ஹெபடைடிஸ் சி வைரஸில் இதுவரை எட்டு வகை தெரியும். மருத்துவர்கள் ஜீனோடைப் 1, 2, 3 என்று எண்ணால்தான் சொல்வார்கள். எந்த நாட்டில் எது அதிகம் என்று உலக வரைபடத்தில் வண்ணம் தீட்டியும் காட்டுவார்கள். அமெரிக்காவில் 1, பாகிஸ்தானில் 3, எகிப்தில் 4. நம் நாட்டில் 3, தெற்கே வந்தால் 1ம் கணிசம். இதைப் பார்த்ததும் "அந்த ஊர்க்காரங்க உடம்புவாகு அப்படி" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எந்த ஊரில் யாருக்கு எந்த ஊசியைப் போட்டார்கள், எந்த ரத்தத்தை ஏற்றினார்கள் என்ற கணக்குதான் பெரும்பாலும் அந்த வண்ணத்தில் இருக்கிறது.

எகிப்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நைல் கரை விவசாயிகளைப் பாடாய்ப்படுத்திய நோய் பில்ஹார்சியா. வாய்க்கால் நத்தையிலிருந்து வெளியே வரும் புழு, தண்ணீரில் கால் வைத்தவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு சிறுநீரில் ரத்தம். 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அரசே கிராமம் கிராமமாக டார்ட்டர் எமெடிக் என்ற ஆண்டிமனி மருந்தை நரம்பில் ஏற்றியது. ஒரு ஊசியோடு விடாது, வாரக்கணக்கில் வரவேண்டும். சிரிஞ்சோ கண்ணாடி சிரிஞ்ச். வரிசை நீளம், கொதிநீரில் போட்டு எடுக்க அவகாசம் இல்லை. முன்னால் நின்றவரின் ரத்தத்தில் இருந்தது பின்னால் நின்றவருக்குப் போனது. போட்டவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989ல்தான்.

2008ல் எடுத்த கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுக்காரர்களில் கிட்டத்தட்ட 15 சதவீதம் பேருக்கு இந்த வைரஸ் பட்ட அடையாளம் ரத்தத்தில் இருந்தது. வயது கூடக் கூட விகிதமும் கூடியது. இன்னொரு தடயமும் உண்டு. 4ம் வகை வெகுகாலமாக இருக்கும் கேமரூன், காபோன், காங்கோ பக்கம் அதற்கு ஏகப்பட்ட உட்கிளைகள். எகிப்திலோ பெரும்பாலும் 4ஏ என்ற ஒரே கிளை. மெல்ல மெல்லப் பரவியிருந்தால் அங்கேயும் கிளைகள் பெருகியிருக்கும். ஒன்றே குறுகிய காலத்தில் பல லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வகைக்குத் தகுந்தபடி தண்டனையும் மாறியது. இன்டர்ஃபெரான் ஊசியை வைத்து சிகிச்சை கொடுத்த காலத்தில் 2, 3 என்றால் 24 வாரம். 1, 4 என்றால் 48 வாரம். அத்தனை நாளும் காய்ச்சல், சோர்வு, மன அழுத்தம். அப்புறம் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தது. அமெரிக்காவில் அப்போது 12 வார சிகிச்சைக்கு 84,000 டாலர். எகிப்து பேரம் பேசி 2014ல் 900 டாலருக்கு வாங்கியது.

இப்போது எல்லா வகைக்கும் கேட்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. நம் நாட்டிலும் 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். பெரும்பாலானவர்களுக்கு வகை பார்க்காமலே கொடுக்கலாம். நோயாளிக்கு ஒரு டெஸ்ட் செலவு மிச்சம், நல்லதுதான். ஆனால் "இனி எதற்கு வகை பார்க்கணும்?" என்று சுகாதாரத் துறையும் கைகழுவக் கூடாது. ஒரே டயாலிசிஸ் மையத்தில் நாலு பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தால், நாலும் ஒரே கிளையா என்று பார்த்தாக வேண்டும். ஒரே கிளை என்றால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது, அந்த மையத்தின் ஊசி, மருந்துக் குப்பி, மெஷின் அத்தனையையும் சோதிக்க வேண்டும்.