கேஷ் எண்டது நம்மட காசா? கொஞ்சம் பொறுங்க

கல்முனைப் பக்கம் வட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரு மெசேஜ் ஓடுது, இங்கிலீசுல பணத்துக்குச் சொல்ற கேஷ் நம்மட தமிழ்க் காசுல இருந்து போனதாம். ஓஎல் பிள்ளையளும் அப்பிடியே நம்பி எழுதுறாங்க, அதான் சொல்றன், அது பிழை.

இங்கிலீசுல கேஷ் எண்டு ரெண்டு சொல் இருக்கு, எழுத்தும் ஒண்டு சத்தமும் ஒண்டு, ஆனா ரெண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்ல. கடையில கேஷா கார்டா எண்டு கேக்குறாங்களே, அந்தக் கேஷ் லத்தீன்ல பெட்டியைச் சொல்ற காப்சாவுல தொடங்கி இத்தாலி, பிரெஞ்சு வழியா வந்தது. முதல்ல பணம் போடுற பெட்டிக்குத்தான் அந்தப் பேர், பிறகுதான் உள்ளுக்குக் கிடக்கிற பணத்துக்கு மாறிச்சு. கேஷியரும் இந்தப் பெட்டி வழிதான்.

மற்றக் கேஷ்தான் நம்மட காசு. போர்த்துக்கீசர் வாயில கைஷாவாகி இங்கிலீசுக்குப் போச்சு, அதுவும் சின்ன நாணயத்துக்கு மட்டும். மெட்ராஸ்ல 1818 வரைக்கும் 80 கேஷ் சேர்ந்தா பணம் எண்ட பேர்ல இருந்த ஒரு நாணயம், அந்தப் பணம் 42 சேர்ந்தா வராகன் எண்ட ஒரு பொன் நாணயம். நடுவுல ஓட்டை போட்ட சீனாக் காசையும் வெள்ளைக்காரங்க இந்தப் பேராலதான் சொன்னாங்க. இத பத்து கேஷ், இருபது கேஷ் எண்டு எண்ணலாம், கடைக் கேஷ அப்பிடி எண்ண ஏலாது.

தமிழ்ல இருந்து உண்மையாப் போன சொல்லு வேணுமெண்டா கட்டுமரம் இருக்கு, கறி இருக்கு, சுருட்டு இருக்கு, மிளகுதண்ணி இருக்கு. அந்த மெசேஜ ஃபோர்வர்ட் பண்ணினவங்க தயவு செஞ்சு இதையும் அதே குரூப்ல போடுங்க.